அம்மா சொன்ன அளவு

சியோல், தென்கொரியா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

பெர்னடெட் எழுதுவது. நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். அடுத்த வரியில் 'எல்லாரும் சுகம்' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஏரிச் சரக்குக் கப்பலில் இருக்கிறவனுக்குப் பாதி உண்மையை எழுதினால் மீதிப் பாதியை அவனே மோசமாகக் கற்பனை செய்துகொள்வான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். இங்கே எங்களிடம் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். விடுதி அறையோ நம் வீட்டுச் சமையலறை அளவுகூட இல்லை. நான் எது பேசினாலும் அம்மா காதில் விழும். இந்தக் கடிதம் டெட்ராய்ட் போய், அங்கே ஆற்றில் தபால் படகு உங்கள் கப்பலை ஒட்டி வந்து, நீங்கள் கயிற்றில் இறக்கும் வாளியில் ஏறி உங்கள் கைக்கு வருவதற்குள் அண்ணனின் கல்யாணமே முடிந்திருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

முதல் விஷயம், அம்மாவின் பெட்டி வரவில்லை. என்னுடையது வந்துவிட்டது. நீங்கள் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பிய செர்ரி ஜாம்கூட உடையாமல் வந்தது. விமான நிலையத்தில் இருந்தவர் தலை குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். பெட்டி வரும்வரை வேறு உடை வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். அதைச் சொன்னபோது அம்மாவின் முகம் எப்படி ஆயிற்று என்பதை அவர் கவனிக்கவில்லை.

நம் ஊரில் அம்மா உடை வாங்கும் கடை எது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தவிர வேறு எந்தத் துணிக்கடைக்குள்ளும் அவள் போய் நான் பார்த்ததில்லை. இங்கே சுரங்கப் பாதை முழுக்கத் துணிக்கடைகள். எல்லாச் சட்டையிலும் ஒரே அளவுதான் போட்டிருக்கிறது, 'ஃப்ரீ சைஸ்' என்று. யாருக்கும் பொருந்தும் என்று அர்த்தமாம். அம்மா ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். அது எனக்கே இறுக்கமாக இருந்திருக்கும். "எல்லாருக்கும் ஃப்ரீ, எனக்கு மட்டும் கட்டணம் போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஆறாவது கடையில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே அம்மா வாசலில் கால் வைத்ததுமே, விற்கும் பெண் எழுந்து வந்து இரண்டு கைகளையும் மார்பின் முன் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்துக் காட்டினாள். 'இல்லை' என்பதற்கு இங்கே அப்படித்தான் காட்டுவார்களாம், அண்ணன் சொன்னான். ஆனால் நாங்கள் இன்னும் எதையும் கேட்கவே இல்லையே, அப்பா.

பள்ளிப் பேருந்து ஓட்டும்போது பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள் நம் அம்மா. அந்தப் பெண்ணிடம் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

கடைசியில் ஓர் ஆண்கள் கடையில் வெள்ளைச் சட்டை ஒன்று கிடைத்தது. அண்ணன் இன்னொரு பேட்டையைப் பற்றிச் சொன்னான். அங்கே அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களுக்காகப் பெரிய அளவுத் துணிகள் விற்கிறார்களாம். போனோம். 'பெரிய அளவு' என்று ஆங்கிலத்தில் ஆளுயர எழுத்துப் பலகை. அம்மா தெருவின் எதிர்ப்பக்கமே நின்றுவிட்டாள். "நீ போய் ஒரு கறுப்புக் கால்சட்டை வாங்கிட்டு வா பெர்னி, நான் இந்தச் செருப்பெல்லாம் பார்த்துட்டு இருக்கேன்" என்றாள். அவள் நின்ற இடத்தில் செருப்புக் கடையே இல்லை, மீன் விற்றார்கள்.

ஆனால் நான் பயப்படுவது இதற்கெல்லாம் இல்லை. வியாழக்கிழமைக்குப் பயப்படுகிறேன்.

இங்கே கல்யாணம் எப்படித் தொடங்கும் என்று அண்ணன் உங்களுக்குச் சொன்னானா தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் கைகோத்துக்கொண்டு எல்லார் நடுவிலும் நடந்துபோய், மேடையில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பிறகுதான் மாப்பிள்ளையே உள்ளே வருவான். இருவரும் ஹான்போக் உடுத்த வேண்டும். மார்புக்கு மேல் கட்டுகிற நீளப் பாவாடை, அதன் மேல் குட்டையான பட்டுச் சட்டை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீலம். அதை இங்கேயே தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அண்ணன் போன் செய்து அளவு கேட்டபோது நான் சமையலறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா டேப்பை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "மார்பு நாற்பத்தாறு" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மே மாசத்துக்குள்ள அந்த அளவுக்கு வந்துடுவேன்" என்றாள்.

நம் ஊரில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? வான்டா அத்தை தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கவுன் இன்னும் விலைச்சீட்டோடு அலமாரியில் தொங்குகிறது. அது அலமாரியில் தொங்கலாம். அம்மாவின் சட்டையை வியாழக்கிழமை தையற்கடையில் போட்டுப் பார்க்க வேண்டும்; சனிக்கிழமைக் கல்யாணத்தில் அது மேடைக்கு ஏற வேண்டும்.

அன்றிலிருந்து அம்மா முட்டைக்கோஸ் சூப்தான் குடிக்கிறாள். உடம்பு இளைக்கத் தபாலில் ஏதோ மாத்திரை வரவழைத்திருக்கிறாள். புட்டி கைப்பையில் இருக்கிறது. மார்ச்சில் ஒருநாள் தலை சுற்றுகிறது என்று பேருந்தைப் பிள்ளைகளோடு ஓரங்கட்டினாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இப்போது சொல்லிவிட்டேன். இங்கே வந்ததிலிருந்து அவள் பார்லி டீ தவிர ஒன்றும் தொடவில்லை. இவ்வளவு செய்தும் அந்த எண்ணுக்கு அவள் பக்கத்தில்கூட வரவில்லை என்பது கண்ணாலேயே தெரிகிறது. அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஏரியில் மூடுபனி என்று வானிலைச் செய்தியில் பார்த்தேன். ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பெர்னடெட்


சியோல்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முந்தைய கடிதத்தை விடுதிக்காரரே தபாலில் சேர்த்துவிட்டார். இது அதன் தொடர்ச்சி.

நேற்றுப் பட்டுச் சந்தையில் உள்ள தையற்கடைக்குப் போனோம். அண்ணன், ஹே-ரின் அண்ணி, அண்ணியின் அம்மா மூவரும் வந்தார்கள். அண்ணியின் அம்மாவைச் சோங் அம்மாள் என்கிறார்கள். ஒல்லியாக, விறைப்பாக, குடையை ஊன்றுகோல் போலப் பிடித்துக்கொண்டு நடப்பார். எனக்கு அவரைப் பார்த்தாலே பயம். ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் பேசுவதை எல்லாம் அண்ணிதான் மாற்றிச் சொல்ல வேண்டும். அவர் நீளமாகப் பேசினால் அண்ணி குட்டியாகச் சொல்கிறாள். நடுவில் எதெல்லாம் விழுந்துபோகிறது என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன்.

பாவாடையால் தொந்தரவில்லை. அது சுற்றிக் கட்டுவது. மடிப்பு குறைந்ததே தவிரப் பொருந்திவிட்டது. அம்மாவின் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. பிறகு சட்டை. ஒரு கை முழங்கை வரை போயிற்று. இன்னொரு கை அதுவும் போகவில்லை. தையற்கார அம்மாள் முன்பக்கத்தை இழுத்துப் பார்த்தார். இரண்டு ஓரங்களுக்கும் இடையே என் நோட்டுப் புத்தகத்தை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. அண்ணன்தான் மெதுவாகக் கேட்டான், "அம்மா, அளவு நீதானே சொன்ன?" என்று.

தையற்கார அம்மாள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். அம்மா பின்னால் நகர்ந்தாள், நகர்ந்தாள், துணிக்கட்டுகள் சரிந்து விழும் வரை நகர்ந்தாள். குட்டி மிருகத்தைக் கூண்டுக்குள் தள்ளும்போது அது பின்வாங்குமே, அப்படி. நம் அம்மாவை நான் அப்படிப் பார்க்க வேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை.

பிறகு அவள் சிரித்துக்கொண்டே, தனக்கு மேடை எல்லாம் வேண்டாம், முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து பார்க்கிறேன், மெழுகுவத்தியைச் சம்பந்தியே ஏற்றட்டும் என்றாள். அண்ணி அதை மாற்றிச் சொன்னாள். சோங் அம்மாள் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார். இந்தத் தடவை அண்ணி எதையும் குறைக்கவில்லை. அவள் குரல் மாறிப்போயிருந்தது.

"நான் ஒருத்தி மட்டும் நடந்துபோனா, மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தப் பொண்ணு பிடிக்கலைன்னு மண்டபமே பேசும். வெளிநாட்டுக்காரனுக்கா குடுக்கிறேன்னு என் அக்கா தங்கச்சிங்க ஏற்கெனவே என்னைக் கிழிச்சுட்டாங்க. பொய் அளவு சொன்னது நீங்க, சம்பந்தி. அதுக்கு என் பொண்ணு தலைகுனியணுமா?"

அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, அப்பா. தான் ஒளிந்துகொண்டால் தான் மட்டும்தான் ஒளிந்ததாக ஆகும் என்றுதான் நினைத்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வரும்போது பேருந்தில், "என் வெட்கம் அவங்க தலைல போய் விழுமாமே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். என்னிடம் சொன்னாளா, ஜன்னலிடம் சொன்னாளா தெரியவில்லை.

தையற்கார அம்மாள், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உண்மையான அளவு வந்தால் சட்டையைப் பிரித்து ஏதாவது செய்து பார்ப்பதாகவும், தாமதமானால் தன்னால் ஆகாது என்றும் சொல்லியிருந்தார். அண்ணன் இன்று காலை விடுதிக்கு வந்து என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனான். உனக்கு அம்மா அளவு தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். அது நிஜம், அது யாருக்குமே தெரியாது. உடனே பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து என் கையில் திணித்தான். "அவ தூங்கறப்ப அள, பெர்னி. எனக்காக." அவன் கண்கள் சிவந்திருந்தன. கப்பல் கயிறு அறுந்து உங்கள் கை கிழிந்த வருஷம்கூட அவன் அழவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

அம்மா பத்து மணிக்கே மறுபடி படுத்துவிட்டாள். பயணக் களைப்பு என்றாள். பட்டினிக் களைப்பு என்பது எனக்குத் தெரியும். நான் நாற்காலியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். துருவத்துக்குப் போனவர்களின் கதை. அவர்கள் ஒவ்வொருவராகப் படுத்து எழுந்திருக்காமல் போகிற இடம் வந்தது. அதை மூடி வைத்துவிட்டு டேப்போடு எழுந்தேன்.

கிட்டே போய்க் குனிந்தபோது எனக்கு அளவெல்லாம் மறந்துபோயிற்று. அம்மாவின் கழுத்தில் ஒரு நரம்பு, கண்ணாடியில் முட்டிக்கொண்ட குருவி போலத் துடித்தது. பிறகு அது நின்றது. நான் எண்ணினேன். மறுபடி துடித்தது. மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே கையை வைத்தேன்; என் கை ஐஸ் போல இருந்திருக்க வேண்டும். அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். டேப்பைப் பார்த்தாள்.

அண்ணன் கொடுத்தானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்படிப் போய்விட்டால் உள்ளே விழுந்தாலும் யாருக்கும் தெரியாதே என்று கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்கு அது தெரியவில்லை.

அம்மா எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுவரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"ஒழுங்கா அள. நான் மூச்சை இழுத்துப் பிடிக்க மாட்டேன்."

அளந்தேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், அது அம்மாவுடையது. அவளே போனை எடுத்து அண்ணியிடம் அதைச் சொன்னாள். கண்ணை மூடாமல் சொன்னாள். சென்டிமீட்டரில் எவ்வளவு என்று அண்ணி கேட்டபோது டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்து அதையும் சொன்னாள். ஆனால் போனை வைத்ததும், "இதுக்கு அந்தத் தையற்கார அம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது பாரு" என்றாள். நீலப் பட்டில் மிச்சத் துணியே இல்லையாம். நாளை மதியம் கல்யாணம். சட்டை வருமா, வந்தால் சேருமா என்று எதுவும் தெரியாது. அம்மா இன்னும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை முடியட்டும் என்கிறாள்.

அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அம்மாவுக்காக இன்னும் கொஞ்சம் அதிகமாக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பெர்னடெட்


சியோல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவன் கோட்டு மிக நன்றாக இருந்தது. உங்களைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் நீங்கள் தேடுவீர்கள் என்பதால் முதலில் எழுதினேன்.

சட்டை மண்டபத்துக்கே வந்தது. அவ்வளவு தாமதம். அம்மா வெறும் பாவாடையோடும் வெள்ளைச் சட்டையோடும் இருக்க, நாங்கள் அலங்கார அறையில் காத்திருந்தோம். வெளியே விருந்தாளிகளின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. சோங் அம்மாள் ரோஜா நிற உடையில் கதவருகே நின்று, குடை இல்லாத கையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீலப் பட்டு இல்லாததால் தையற்கார அம்மாள் இரண்டு அக்குள் பக்கமும் அரக்குச் சிவப்புப் பட்டை அகலமாக வைத்துத் தைத்திருந்தார். ஒட்டுப் போட்டது போல இருக்குமோ என்று தைத்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டுத் தலைவிகளுக்கு அப்படி வேறு நிறம் வைத்துத் தைப்பதுதான் வழக்கமாம். அதற்கு ஏற்றாற்போல மார்பில் முடிகிற நாடாவையும் சிவப்பாகவும், கைநுனியைக் கருநீலமாகவும் மாற்றியிருந்தார். அண்ணி அதற்கு அர்த்தம் சொன்னாள். சிவப்பு நாடா, கணவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு. கருநீலக் கைநுனி, மகன் இருக்கிறான் என்பதற்கு. அம்மா அந்த நாடாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்பா.

சட்டை மூடிக்கொண்டது. இறுக்கம் இல்லை.

பிறகு நடை. நான் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். பாதி வழி வரை நன்றாக நடந்தார்கள். பெண் வீட்டு அத்தை ஒருவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நின்றுவிட்டாள். பியானோ வாசித்தவர் அதே வரியை மறுபடி ஆரம்பித்தார். அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசல் மிகப் பக்கத்தில் இருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடுவாளா, ஓடிவிடுவாளா என்று இரண்டில் எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் இருந்தேன்.

சோங் அம்மாள் அவள் கையை விடவில்லை. கொரிய மொழியில் என்னவோ சொன்னார், முகத்தை நேரே வைத்துக்கொண்டு, உதடு அசையாமல். அம்மாவும் அதே போல என்னவோ பதில் சொன்னாள். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் நடந்தார்கள். மேடை ஏறினார்கள். அம்மா ஏற்றிய மெழுகுவத்தி முதலில் பிடிக்காமல் புகைந்து, பிறகு பிடித்தது. இருவரும் எல்லாரையும் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தானாம்.

நடுவில் நின்றபோது என்ன சொன்னாய் என்று பிறகு அம்மாவைக் கேட்டேன். "எனக்குப் பசிக்குதுன்னு சொன்னேன்" என்றாள். சோங் அம்மாள் என்ன சொன்னார் என்று அண்ணியிடம் கேட்டோம். அண்ணி தன் அம்மாவிடம் கேட்டு, சிரித்து, சொல்ல மாட்டேன், அது அந்த அத்தையைப் பற்றிய கெட்ட வார்த்தை என்றாள்.

விருந்தில் அம்மா ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்ததால் என்னுடையது ஆறிப்போயிற்று. இதோடு கடிதத்தை முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் மாத்திரைப் புட்டி இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. இன்று காலை அம்மா குளிக்கும்போது பார்த்தேன். அவள் அதைத் தூக்கி எறியவில்லை. காலைச் சாப்பாட்டில் ஒரு டீ குடித்ததோடு எழுந்துவிட்டாள். "அப்பா இந்த மாசக் கடைசில கரைக்கு வர்றார் இல்ல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அப்பா, இனி எழுதப்போவதைக் கோபிக்காமல் படியுங்கள். நேரில் என்னால் இதைச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு தடவையும் நீங்கள் கப்பலிலிருந்து இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு, முதலில் சொல்வது ஒன்றுதான். "இளைச்சுட்ட போலிருக்கே, லோரெய்ன்." பாசத்தோடுதான் சொல்கிறீர்கள், எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் உங்கள் கப்பல் வரப்போகிற வாரங்களில் நம் வீடு எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை, ஏனென்றால் அப்போது நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள். இரவுச் சாப்பாடு எனக்கு மட்டும் ஒரு தட்டு. துறைமுகத்துக்குப் புறப்படும் முன் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்ப்பாள். நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவள் முகம் மலரும். நீங்கள் திரும்பி ஏறிய மறுநாளே, அடுத்த தடவை அதைச் சொல்லாமல் போய்விடுவீர்களோ என்று பயப்பட ஆரம்பித்துவிடுவாள்.

அந்த நரம்பு நின்று நின்று துடித்ததை நான் பார்த்தேன், அப்பா. நீங்கள் பார்க்கவில்லை.

அதனால் இந்தத் தடவை அதைச் சொல்லாதீர்கள். வேறு எதையாவது சொல்லுங்கள். ஏரியில் காற்று எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். சமையல்காரர் எதைக் கருக்கினார் என்று சொல்லுங்கள். ஒன்றுமே தோன்றாவிட்டால் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவள் நீங்கள் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டு நிற்பாள், நானும் பின்னால் நின்று காத்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தை நாளை நானே தபால் நிலையத்துக்கு எடுத்துப் போய், எது மிக வேகமாகப் போகுமோ அதில் சேர்ப்பேன். ஆற்றில் மூடுபனி இல்லாமல் இருக்கட்டும். தபால் படகு உங்களைத் தவறவிடாமல் இருக்கட்டும். நீங்கள் கரை சேர்வதற்குள் இது உங்களைச் சேர்ந்துவிடட்டும்.

என்றும் உங்கள் மகள்,
பெர்னடெட்